எல்லை தாண்டும் பெட்ரோலும் எல்லை கட்டும் விரதமும்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால், குசலம் விசாரித்த கையோடு வரும் அடுத்த பேச்சு ஒன்று உண்டு. “வேலூர் பக்கம் போறீங்களா? அப்படியே டேங்க் நிரப்பிக்கிட்டு வந்துடுங்க. அங்கே எட்டு ரூபாய் கம்மி.” போகிறவரும் தலையாட்டுவார். இந்தப் பேச்சுக்குள் வரிச்சட்டம் இருக்கிறது, பூகோளம் இருக்கிறது, மனித மனத்தின் போக்கும் இருக்கிறது. பெட்ரோல் விலை ஏறும்போது நம் வண்டி ஓட்டும் பழக்கம் எப்படி மாறுகிறது, மாறுவதில் எது லாபம், எது வெறும் ஆறுதல் என்பதை ஒரு வியாபாரியின் கணக்கு வழியில் இங்கே பார்ப்போம்.

ஒரே பெட்ரோல், இரண்டு விலை

நான் பாத்திர வியாபாரம் செய்கிறவன். ஓர் எவர்சில்வர் குடத்துக்கு வேலூரிலும் சித்தூரிலும் ஒரே வரிதான். 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்து அந்த வித்தியாசத்தைத் தீர்த்துவிட்டது. ஆனால் கச்சா எண்ணெய், பெட்ரோல், டீசல், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் அன்று ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். மத்திய அரசின் கலால் வரி நாடு முழுவதும் ஒன்று. அதற்கு மேல் மாநிலம் போடும் வாட் வரிதான் ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

ஆந்திரத்தில் 2020ஆம் ஆண்டு மாற்றங்களுக்குப் பின் பெட்ரோலுக்கு 31 சதவீதம் வாட், அதன்மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை மேம்பாட்டு வரி 1 ரூபாய் என்று அமைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் பட்ஜெட்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தபின் 13 சதவீதமும் அதன்மேல் 11 ரூபாய் 52 காசும் என்று அமைந்தது. இதைப் படித்தால் தலை சுற்றும். கணக்குப் போட்டால் எளிது.

2024 மார்ச்சில் விலை 2 ரூபாய் குறைந்த சமயத்தை எடுத்துக்கொள்வோம். எண்ணெய்க் கம்பெனி விலை, கலால் வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்து, மாநில வரிக்கு முன்னால் லிட்டருக்குச் சுமார் 79 ரூபாய். ஆந்திரத்தில் 79க்கு 31 சதவீதம் 24 ரூபாய் 49 காசு. 5 ரூபாயைக் கூட்டினால் மாநிலத்தின் பங்கு 29.49. ஆக விலை 108 ரூபாய் 49 காசு. தமிழ்நாட்டில் 13 சதவீதம் 10 ரூபாய் 27 காசு. 11.52 கூட்டினால் 21.79. ஆக விலை 100 ரூபாய் 79 காசு. வித்தியாசம் 7 ரூபாய் 70 காசு. நம்மவர் சொல்லும் “எட்டு ரூபாய்” இதுதான். போக்குவரத்துச் செலவால் ஊருக்கு ஊர் சில காசுகள் கூடும், குறையும்.

இதில் இன்னொரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. அந்த 79 ரூபாய் 89 ஆனால் என்ன ஆகும்? ஆந்திரத்தில் 10 ரூபாய் ஏற்றம் வரியோடு சேர்ந்து 13 ரூபாய் 10 காசாக விழும். தமிழ்நாட்டில் 11 ரூபாய் 30 காசாக விழும். அதாவது உலகச் சந்தையில் விலை ஏற ஏற, இரண்டு மாநிலத்துக்கும் உள்ள இடைவெளியும் தானாக அகலும். 2022 ஏப்ரலில் சென்னையில் 110 ரூபாய் 85 காசு விற்றபோது நம் பக்கம் 120ஐத் தொட்டது இதனால்தான். சதவீத வரி விலையோடு சேர்ந்து வளரும். ரூபாய்க் கணக்கில் போடும் வரி நின்ற இடத்தில் நிற்கும். இரண்டு மாநிலமும் இரண்டு வரியையும் வேறு வேறு விகிதத்தில் கலந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மொழிக்குப் போட்ட கோடு

சித்தூர் ஜில்லா 1911இல் வடஆற்காடு, கடப்பை ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து உண்டானது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. மொழியை வைத்துப் போட்ட அந்தக் கோடுதான் இன்று பெட்ரோலுக்கும் கோடாக நிற்கிறது. சித்தூரிலிருந்து காட்பாடி போகும் வழியில் நரஹரிபேட்டை தாண்டி கிறிஸ்டியான்பேட்டை வந்தால் ஒரு விலை. திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி தாண்டித் திருத்தணிப் பக்கம் போனால் அதே விலை. குப்பம், பலமனேர் பக்கத்தவர்களுக்குக் கர்நாடகமும் அருகில். ஆக மூன்று மாநில விலையையும் விரல்நுனியில் வைத்திருக்கும் மக்கள் நாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பங்க்குகளில் தெலுங்கில் பலகை வைத்து அழைக்கிறார்கள். இந்தப் பக்கம் உள்ள பங்க்குகளில் கூட்டம் மெலிந்துவிட்டது. லாரிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. டீசலில் வித்தியாசம் லிட்டருக்கு நாலு ரூபாய்க்குச் சற்றுக் குறைவுதான். ஆனால் 200 லிட்டர் பிடிக்கிற லாரிக்கு ஒரே நிரப்பில் 750 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாங்காய் சீசனில் கூழ் பேக்டரிகளுக்கு வரும் லாரிகள் எப்படியும் எல்லை தாண்டித்தான் போகின்றன. போகிற வழியில் போட்டுக்கொள்கிறார்கள். அது நியாயமான வியாபாரம்.

நமக்கு லாபமா?

ஆனால் பெட்ரோலுக்காகவே எல்லைக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கணக்கைப் பார்ப்போம். சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு பங்க்குக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர், போய்வர 40. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்கில் 8 லிட்டர் போட்டால் மிச்சம் 62 ரூபாய். போய்வந்த செலவு 0.8 லிட்டர், 81 ரூபாய். நஷ்டம் 19 ரூபாய். லிட்டருக்கு 15 கொடுக்கும் காரில் 30 லிட்டர் போட்டால் மிச்சம் 231 ரூபாய். போய்வந்த செலவு சுமார் 269 ரூபாய். நஷ்டம் 38 ரூபாய். டயர் தேய்மானமும் ஒரு மணி நேரமும் இதில் சேரவில்லை.

ஞாபகத்தில் வைக்க ஒரு சூத்திரம் சொல்கிறேன். இப்போது நாம் பார்த்த விலை வித்தியாசத்தில், நிரப்பப் போகும் பெட்ரோல் 100 கிலோமீட்டர் ஓடும் என்றால், அதை வாங்கப் போய்வரும் தூரம் மொத்தம் 7 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கைநஷ்டம். வேறு வேலையாகப் போகும்போது நிரப்பினால் மட்டுமே முழு லாபம்.

சிலர் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கேனில் பிடித்துவந்து வீட்டில் வைத்துக்கொள்வது. எங்கள் கடைப் பையன் ஒருவன் இப்படி ஐந்து லிட்டர் கேனைக் கொண்டுவந்து கோடவுனில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தான். மறுநாள் ஷட்டரைத் தூக்கியதும் வாடை மூக்கைத் துளைத்தது. “ஐயா, நாப்பது ரூபா மிச்சம் ஐயா” என்றான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, எங்கேயோ இருக்கும் ஒரு சிறு பொறியைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும். நாற்பது ரூபாய்க்குக் கடையையும் உயிரையும் பணயம் வைக்கக் கூடாது. அடுப்பும் சாமி விளக்கும் எரியும் வீட்டில் கேன் பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

விலை ஏறினால் மனம் என்ன செய்கிறது

எரிபொருள் தட்டுப்பாடு உலகுக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் ரேஷன் வந்தபோது நம் நாட்டில் கரி வாயுவில் பஸ் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியபோது கச்சா எண்ணெய் சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அந்த ஆண்டு நவம்பரில் வாஜ்பாயி விலை உயர்வைக் கண்டித்து மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்கு வந்தார். அமெரிக்காவில் 1974இல் நாடு முழுவதும் மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கு வரம்பு கட்டினார்கள். 2008இல் அங்கே கேலன் 4 டாலரைத் தாண்டியபோது மக்கள் கார் ஓட்டும் தூரமே குறைந்தது. நம் பக்கத்தில் இலங்கையில் 2022 ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்து, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், காருக்கு 20 லிட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். சைக்கிள் மறுபடியும் மரியாதைக்குரிய வாகனம் ஆனது.

இவற்றிலிருந்து தெரிவது, பழக்கம் மூன்று படியாக மாறுகிறது என்பது. முதல் சில வாரங்களில் யாரும் ஓட்டத்தைக் குறைப்பதில்லை, புலம்பல்தான். ஆபீஸ், பள்ளிக்கூடம், கடை எல்லாம் போய்த்தானே ஆகவேண்டும்? சில மாதங்களில் இரண்டு வேலையை ஒரு பயணமாகச் சேர்ப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றிக்கொள்வது, பஸ்ஸில் போவது என்று வரும். சில ஆண்டுகளில் வண்டியே மாறும். டீசலுக்கு மானியம் இருந்து பெட்ரோலைவிட வெகு மலிவாக இருந்த காலத்தில் ஜனங்கள் டீசல் கார் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி வித்தியாசம் சுருங்கியதும் அந்த மோகம் குறைந்தது. திருப்பதி – திருமலை மலைப்பாதையில் 2022 செப்டம்பரில் மின்சார பஸ் ஓடத் தொடங்கியதும், ஆட்டோக்காரர்கள் சி.என்.ஜி.க்கு மாறுவதும் இந்த மூன்றாம் படியைச் சேர்ந்தவை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். நம்மில் பலர் லிட்டர் கணக்கில் பெட்ரோல் போடுவதில்லை. “நூறு ரூபாய்க்குப் போடு” என்கிறோம். லிட்டர் 50 ரூபாயாக இருந்தபோது நூறு ரூபாய்க்கு இரண்டு லிட்டர் வந்தது. 108 ஆனபோது ஒரு லிட்டர்கூட வரவில்லை. ஆனால் கொடுக்கும் நோட்டு அதே நோட்டு, ஆகவே ஏறியது தெரிவதில்லை. “வண்டி முன்ன மாதிரி மைலேஜ் தரல” என்று மெக்கானிக்கிடம் போய் நிற்கிறோம். லிட்டர் சொல்லிப் போடுங்கள். மீட்டரைக் குறித்துவையுங்கள். உண்மை தெரியும்.

வண்டிக்குள்ளேயே ஒரு பங்க்

பலகையில் எழுதிய விலை கண்ணுக்குத் தெரிகிறது. காலடியில் வீணாகும் பெட்ரோல் தெரிவதில்லை. சித்தூர் – திருப்பதி சாலை நன்றாக அகலப்பட்டுவிட்டதால் நூறில் பறக்கிறோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 60இல் போகும்போது உள்ளதைவிட 100இல் அது ஏறக்குறைய 2.8 மடங்கு. சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தை 70 வேகத்தில் போனால் ஒரு மணி. நூறில் போனால் 42 நிமிஷம். மிச்சமான 18 நிமிஷத்தைத் திருப்பதி ஊருக்குள் நெரிசலில் தொலைத்துவிடுகிறோம். 2023இல் ஸ்ரீநிவாச சேது மேம்பாலம் முழுதாகத் திறந்தபின் சற்று நிம்மதி. இருந்தாலும் சிக்னலில் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கும் பழக்கம் போகவில்லை. அரை நிமிஷத்துக்குமேல் நிற்பதாக இருந்தால் அணைத்துவிடலாம். மாதம் இருமுறை டயருக்குக் காற்று சரிபார்ப்பது, கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாமல் இருப்பது, டிக்கியில் சுமையைச் சேர்த்துவைக்காமல் இருப்பது, இவையெல்லாம் எல்லைக்குப் போகாமலே கிடைக்கும் மலிவு பெட்ரோல்.

மலைப்பாதைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. திருமலையிலிருந்து இறங்கும்போது “இறக்கம்தானே” என்று நியூட்ரலில் விடுவதும், இஞ்சினை அணைத்துவிடுவதும் சிலர் வழக்கம். இஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள துணைபலம் போய்விடும். இக்காலக் கார்களில் கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டாலே இஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். நியூட்ரலில்தான் இஞ்சின் ஓடுவதற்குச் சிறிது செலவாகும். ஆக, பத்திரமான வழியே சிக்கனமான வழியும். அதைவிடச் சிக்கனம், காரை அலிபிரியில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுவது. நடக்க முடிந்தவர்களுக்குப் படி இருக்கவே இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததும் பல வீடுகளில் வண்டி எடுப்பதை மாற்றியது. “மாமா, நான் பஸ்ஸிலேயே போய்க்கறேன்” என்று என் மருமகளே சொன்னாள். ஆனால் அது மாநிலத்துக்குள் மட்டும்தான். வேலூருக்கு மகளைப் பார்க்கப் போகும் தாய்க்கு எல்லை தாண்டும் பஸ்ஸில் டிக்கெட் உண்டு. பெட்ரோலுக்கு உள்ள கோடு டிக்கெட்டுக்கும் உண்டு.

என் நோட்டுப்புத்தகம்

இனி நான் செய்த பிழையைச் சொல்லவேண்டும். 2022 ஏப்ரலில் விலை 120 ஆனபோது எனக்கும் கை நடுங்கியது. ஆரணியில் என் தங்கை இருக்கிறாள். போய்வர 150 கிலோமீட்டர், 10 லிட்டர், 1,200 ரூபாய். மாதந்தோறும் போய்க்கொண்டிருந்தவன், “இனி மூணு மாசத்துக்கு ஒருதரம் போதும்” என்று முடிவு செய்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனில் அவள் கேட்டாள்: “ஏண்ணா, பெட்ரோல் விலை ஏறினா தங்கச்சி வீடு தூரமாயிடுமா?” எனக்குப் பதில் வரவில்லை.

அந்த ராத்திரி, கடைக்குப் பேரேடு எழுதுகிறவன் காருக்கு ஏன் எழுதவில்லை என்று தோன்றியது. ஒரு மாதம் ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதினேன். என் வீட்டுக்கும் கடைக்கும் 2 கிலோமீட்டர். காலையில் கடைக்கு, மதியம் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி கடை. நாங்கள் சமணர், பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. ஆகவே ஐந்து மணிக்கு மறுபடி வீடு, சாப்பிட்டுவிட்டுக் கடை, இரவு வீடு. ஆக ஆறு ஓட்டம், நாளுக்கு 12 கிலோமீட்டர், 26 நாளில் 312. இஞ்சின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும், ஊருக்குள் லிட்டருக்கு 11க்கு மேல் வராது. கணக்குப் பார்த்தால் 28 லிட்டர்! ஏப்ரல் மாத விலையில் 3,360 ரூபாய். தங்கை வீட்டுக்கு ஆனது 1,200. வாசலில் ஓடிய பெட்ரோலைப் பாராமல், உறவுக்குப் போன பெட்ரோலை நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் முதல் டிபன் கேரியர் கடைக்கு வந்தது. இரண்டு வேளையும் அங்கேயே சாப்பாடு. ஆறு ஓட்டம் இரண்டானது. மாதம் 208 கிலோமீட்டர் குறைந்தது. ஏறக்குறைய 19 லிட்டர் மிச்சம். ஆரணிக்கு இரண்டு தடவை போய்வர ஒரு லிட்டர்தான் குறை. மாதந்தோறும் போக ஆரம்பித்தேன்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இது முக்கியமான விஷயம். விலை ஏறும்போது நாம் முதலில் வெட்டுவது வருமானம் தராத பயணங்களை. அத்தை வீடு, குலதெய்வக் கோயில், ஊர்த் திருவிழா, சங்கத்துக் கூட்டம். ஆனால் எல்லைக்கு இப்பால் நம் பிள்ளைகள் தமிழ் பேசக் கேட்பதும், மாமன் மச்சான் முறை அறிவதும் அந்தப் பயணங்களில்தான். அவற்றை நிறுத்தினால் மிச்சமாவது பெட்ரோல், செலவாவது உறவு.

எங்கள் சமண நூல்களில் இல்லறத்தாருக்குச் சொன்ன விரதங்களில் திசை விரதம் என்று ஒன்று உண்டு. எந்தத் திசையில் எவ்வளவு தூரம் போவேன் என்று தனக்குத்தானே எல்லை கட்டிக்கொள்வது. அதனுடன் அனர்த்ததண்ட விரதம் என்றும் ஒன்று உண்டு. பயனில்லாமல் செய்யும் தீங்கை விடுவது. சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரம் பயனில்லாத் தீங்குகளைச் சொல்லும்போது, காரணமின்றி மண்ணைத் தோண்டுவது, நீரைச் சிந்துவது, நெருப்பை மூட்டுவது இவற்றோடு, காரணமின்றித் திரிவதையும் பிறரைத் திரியவைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. தமிழில் அருங்கலச்செப்பு இந்த அறங்களையே எடுத்துரைக்கிறது. இஞ்சினும் பெட்ரோலும் இல்லாத காலத்தில் எழுதியவை. போகாதே என்று அவை சொல்லவில்லை. பயனில்லாமல் போகாதே என்கின்றன.

அரசுகள் வரியைக் கூட்டும், குறைக்கும். உலகச் சந்தை ஏறும், இறங்கும். அவை நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. அன்பர்கள் ஒரே ஒரு மாதம் தங்கள் வண்டி ஓட்டத்தை எழுதிப் பார்க்க வேண்டுகிறேன். எது வீண், எது வேண்டும் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். வீணானதை வெட்டுங்கள். ஊருக்குப் போவதை மட்டும் வெட்டாதீர்கள். போகும்போது மறக்காமல் எல்லை தாண்டி டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அது நியாயமான லாபம்.